மூன்று நாள், 60 மைல்: மார்பகப் புற்றுநோய் நிதி நடைக்கு முதன்முறை கிளம்புகிறவர்களுக்கு

அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு நிதி சேர்க்க சூசன் ஜி. கோமன் அமைப்பு நடத்தும் 'த்ரீ டே' நடையில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் இங்குள்ள நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று நாளில் 60 மைல், அதாவது ஏறக்குறைய 97 கிலோமீட்டர். நாளொன்றுக்குச் சராசரியாக 20 மைல். இரவில் கூடாரத்தில் தூக்கம். நான் சொல்லப்போவது பெரும்பாலும் நவம்பரில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் நடக்கும் நடையைப் பற்றி, ஆனால் காலுக்கும் சாமான் பைக்கும் சொல்லியிருப்பவை எந்த ஊர் நடைக்கும் பொருந்தும்.

"அவ்வளவு தூரம் என்னால் நடக்க முடியுமா?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. முடியும். ஆறு மாதம் ஒழுங்காகப் பழகியவர்கள், ஐம்பது அறுபது வயதுக்காரர்கள் உட்பட, நடந்து முடிக்கிறார்கள். அதைவிடக் கஷ்டமான வேலை வேறொன்று இருக்கிறது. தெரிந்தவர்களிடம் போய்ப் பணம் கேட்க வேண்டும், அதற்கு முன்னால் மார்பகப் புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் "அவங்களுக்கு உடம்பு சரியில்லையாம்" என்பதோடு நின்றுவிடும் பேச்சு அது. அந்தப் பேச்சைத் தொடங்குவதுதான் இந்த நடையின் பாதி வேலை என்று நான் நம்புகிறேன், அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

யார் நடத்துகிறார்கள்

சூசன் கோமன் இலினாய் மாநிலத்தின் பியோரியா நகரைச் சேர்ந்தவர். மார்பகப் புற்றுநோயால் 1980இல் இறந்தபோது அவருக்கு வயது 36. தங்கை நான்சி பிரிங்கர் 1982இல் அக்கா பெயரிலேயே இந்த அமைப்பைத் தொடங்கினார், அடுத்த வருடமே டல்லஸில் முதல் 'ரேஸ் ஃபார் த க்யூர்' ஓட்டம் நடந்தது. மூன்று நாள் நடை என்ற யோசனை பின்னால் வந்தது. 1998இல் கலிஃபோர்னியாவில் ஏவான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் பெயரில் ஆரம்பித்து, பிறகுதான் கோமன் கைக்கு வந்தது.

ஊரில் இருக்கும் அம்மாவிடமோ மாமியாரிடமோ இதை விளக்க வேண்டி வந்தால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து ஆரம்பியுங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல வருடம் போராடி 1954இல் தொடங்கியது அது. "இங்கேயும் அப்படித்தான், ஒரு அக்காவுக்காகத் தங்கை ஆரம்பித்தது" என்றால் சட்டென்று புரிந்துவிடும். இதற்காக நடப்பதும் நமக்குப் புதிதில்லை. 2011இல் இலங்கையில் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து தெல்லிப்பழை புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி சேர்த்தார்களே, யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் கேட்டால் நினைவு வைத்துச் சொல்வார்கள்.

முதலில் எந்த நடை என்று முடிவு செய்யுங்கள்

மூன்று நாள் நடைதான் நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கைக்குழந்தை இருக்கிறது, வேலையில் விடுப்பு கிடைக்காது என்றால் கோமனின் 'மோர் தேன் பிங்க்' நடையோ அமெரிக்கப் புற்றுநோய் சங்கத்தின் 'மேக்கிங் ஸ்ட்ரைட்ஸ்' நடையோ போதும். ஒரே காலைப்பொழுது, சில கிலோமீட்டர், இவ்வளவு சேர்த்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டே போகலாம். கனடாவில் இருப்பவர்களுக்கு அக்டோபர் முதல் ஞாயிறு நடக்கும் 'ரன் ஃபார் த க்யூர்' இருக்கிறது, அதில் ஓடவே வேண்டாம், 5 கிலோமீட்டரோ 1 கிலோமீட்டரோ நடந்தால் போதும். லண்டனில் இருப்பவர்கள் 'மூன்வாக்' பற்றி விசாரியுங்கள், இரவு முழுக்க நடக்கும் நடை அது.

த்ரீ டேயில் சேர்வதானால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இதில் நடப்பவர் ஒவ்வொருவரும் ஒரு குறைந்தபட்சத் தொகையைத் திரட்டியாக வேண்டும். பல வருடங்களாக அது 2,300 டாலர். நீங்கள் பதிவு செய்யும் வருடத்தில் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், சேராமல் போனால் மீதியை யார் கட்டுவது என்பதையெல்லாம் பதிவுப் பக்கத்தில் வரி விடாமல் வாசியுங்கள். பதிவுக் கட்டணம் தனி, அது இந்தத் தொகையில் கழியாது.

முட்டிவலி, முதுகுவலி என்று நடக்க முடியாதவர்கள் தன்னார்வலர் குழுவில் சேரலாம். தண்ணீர் கொடுப்பது, சாமான் ஏற்றி இறக்குவது, சாலை கடக்கும் இடத்தில் நிற்பது, முகாமில் சாப்பாடு பரிமாறுவது என்று மூன்று நாளும் வேலை இருக்கும், குறைந்தபட்சத் தொகைத் தொந்தரவும் இல்லை. கூட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் நடக்கலாம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

தனியாகப் பதிவு செய்யலாம், ஆனால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்தால் பயிற்சி நிற்காது. சனிக்கிழமை விடிகாலையில் வாசலில் ஒருத்தி வந்து நிற்கிறாள் என்றால் எழுந்துதானே ஆக வேண்டும்.

பணம் கேட்பது

சரி, கஷ்டமான பகுதிக்கு வருவோம்.

பதிவு செய்ததும் உங்கள் பெயரில் ஒரு நன்கொடைப் பக்கம் திறப்பார்கள். அதில் முதல் பணம் உங்களுடையதாக இருக்கட்டும். 50 டாலரோ 100 டாலரோ, பூஜ்யத்தில் நிற்கும் பக்கத்துக்கு யாரும் பணம் போட விரும்ப மாட்டார்கள். ஏன் நடக்கிறீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள், உங்கள் சொந்த வார்த்தையில். அவர்களே எழுதி வைத்திருக்கும் மாதிரி வாசகத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, வாட்சப் குழுவில் ஒட்டுமொத்தமாகப் போடாதீர்கள். குழுவில் போட்டால் கைகூப்பும் பொம்மையும் கட்டைவிரலும் வரும், பணம் வராது. இருநூறு பேர் இருக்கும் குழுவில் ஒவ்வொருவரும் மற்றவர் கொடுப்பார் என்று இருந்துவிடுவார்கள். தனித்தனியாக, பெயர் சொல்லி, அவருக்கென்றே எழுதியது போல எழுத வேண்டும். நேரம் பிடிக்கும்தான், ஒரு மாலைக்கு ஐந்தாறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிச்சயம் கொடுப்பார்கள் என்று தெரிந்தவர்களிடம் முதலில் கேளுங்கள். பக்கத்தில் ஓரளவு சேர்ந்த பிறகு தயங்குகிறவர்களிடம் போகலாம்.

தொகையையும் சொல்லிக் கேளுங்கள். "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்றால் எவ்வளவு கொடுத்தால் மரியாதை என்று அவர்கள் குழம்பி, அப்புறம் பார்க்கலாம் என்று மூடி வைத்துவிடுவார்கள். மைல் கணக்கு எனக்குப் பிடித்த வழி. 60 மைலை ஆளுக்கொரு மைலாகப் பிரித்தால் மைலுக்கு 40 டாலர், மொத்தம் 2,400. நான் எழுதும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அக்கா, நல்லா இருக்கீங்களா? நவம்பரில் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் நோயாளிகள் உதவிக்கும் பணம் சேர்க்க மூன்று நாளில் 60 மைல் நடக்கப்போகிறேன். ஒரு மைல் 40 டாலர் என்று கணக்கு. ஒரு மைலை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா? யாரையாவது நினைத்து அந்த மைலை நான் நடக்க வேண்டுமென்றால் அந்தப் பெயரையும் சொல்லுங்கள். இன்னொரு கேள்வி, தப்பாக நினைக்காதீர்கள்: நீங்கள் கடைசியாக மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்து எத்தனை வருடம் ஆகிறது?"

அந்தக் கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் எட்டுப் பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றாவது மார்பகப் புற்றுநோய் வரும் என்பது கணக்கு. இந்தியாவிலும் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் இதுதான். மார்பகத்தைத் தாண்டிப் பரவுவதற்கு முன் கண்டுபிடித்துவிட்டால் ஐந்து வருடத்துக்கு மேல் பிழைத்திருக்கும் வாய்ப்பு 99 சதவீதம் என்று அமெரிக்கப் புற்றுநோய் சங்கம் சொல்கிறது. அமெரிக்கத் தடுப்புச் சேவைக் குழு 2024இல் சொன்ன பரிந்துரைப்படி, 40 வயது முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம் எடுக்க வேண்டும். குடும்பத்தில் இந்த நோய் இருந்தால் இன்னும் முன்னாலேயே தொடங்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். பணம் தராதவர்கள்கூட இந்தக் கேள்விக்குப் பதில் தருவார்கள். அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

கேட்க ஆரம்பித்ததும் ஒன்று நடக்கும், அதற்குத் தயாராக இருங்கள். வருடக்கணக்காகப் பழகியவர்கள் முதன்முறையாக வாய் திறப்பார்கள். "என் சித்திக்கு இருந்தது", "எனக்கே 2015இல் ஆபரேஷன் ஆச்சு, இங்கே யாருக்கும் தெரியாது." பணப் பேச்சை அப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். பல பேர் இதை மூடி வைத்திருப்பதற்குக் காரணம் மகள் கல்யாணம். குடும்பத்தில் இந்த நோய் என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயம். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான், மற்றவை அப்படி வருவதில்லை என்று எடுத்துச் சொல்லலாம், ஆனால் அந்தப் பயத்தை ஒரே நாளில் போக்கிவிட முடியாது. அதனால் ஒருவர் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு நடக்கும் முன், அந்தப் படத்தை வெளியே போடும் முன், கட்டாயம் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதி இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு நடங்கள். அதைச் சொன்னால் அவர்கள் படும் ஆறுதலை நான் பார்த்திருக்கிறேன்.

அலுவலகத்தை மறக்காதீர்கள். நிறைய நிறுவனங்கள் ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்கு ஈடாகத் தாங்களும் அதே அளவு போடுகின்றன. உங்கள் நிறுவனத்தில் மட்டும் விசாரித்தால் போதாது, கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் "உங்கள் ஆபிஸில் மேட்சிங் உண்டா?" என்று கேளுங்கள். 40 டாலர் 80 ஆகிவிடும்.

காலமும் நமக்குச் சாதகம். நவராத்திரி நடைக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் வருகிறது. கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு சின்ன அட்டையில் உங்கள் பக்கத்தின் க்யூஆர் குறியீட்டை அச்சடித்துக் கொடுங்கள். வருகிறவர்கள் எல்லாம் பெண்கள், உட்கார்ந்து பேச நேரம் இருக்கும், சுண்டல் கையில் இருக்கும். குழந்தை பிறந்தநாளுக்குப் பரிசுக்குப் பதில் நன்கொடை கேட்பது, ஒரு சனிக்கிழமை நண்பர்களைக் கூப்பிட்டுத் தோசை வார்த்துப் போடுவது, இதெல்லாம் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் வீட்டில் சமைத்ததைப் பொது இடத்தில் விலைக்கு விற்க வேண்டாம், அதற்கு உரிமம் கேட்பார்கள்.

ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் டாலரில் கேட்காதீர்கள். அவர்களுக்கு இங்கே கொடுப்பதால் வரிச்சலுகை கிடையாது, வங்கிக் கட்டணம் வேறு. அடையாறுக்கோ தங்கள் ஊர்ப் பக்கத்துப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கணக்கில் ஏறாது, ஏறாவிட்டால் என்ன.

"கோமனுக்கு ஏன் கொடுக்க வேண்டும், பாதிப் பணம் விளம்பரத்துக்குத்தானே போகும்?" என்று கேட்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். கேட்கட்டும், நியாயமான கேள்வி. இங்கே பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் வருடா வருடம் வரித்துறைக்குத் தரும் படிவம் 990 பொதுவில் கிடைக்கிறது. எவ்வளவு வந்தது, ஆராய்ச்சிக்கு எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் முதலில் வாசித்து, உங்களுக்குத் திருப்தி என்றால் மட்டும் மற்றவரிடம் கேளுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வின் அடையாளமான இளஞ்சிவப்பு ரிப்பனை எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் தன் பொருளில் அச்சடித்துக்கொள்ளலாம். அக்டோபரில் கடையில் ரிப்பன் போட்ட கோப்பையையும் சட்டையையும் வாங்குவதைவிட, எங்கே போகிறது என்று தெரிந்த இடத்துக்கு நேராகப் பணம் கொடுப்பது எவ்வளவோ மேல்.

ஒருவரிடம் ஒருமுறை கேட்கலாம், ஒருமுறை நினைவூட்டலாம். மூன்றாவது முறை வேண்டாம்.

பழகுவது

நவம்பர் நடை என்றால் ஜூனுக்குள் தொடங்கிவிடுங்கள். 24 வாரப் பயிற்சி அட்டவணை கிடைக்கிறது, அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், ஆரம்பம் 3 மைலில்தான். வாரநாளில் இரண்டு மூன்று முறை 3, 4 மைல். சனிக்கிழமை கொஞ்சம் நீளமான நடை, ஞாயிறு இன்னொன்று. சனியும் ஞாயிறும் தொடர்ந்து நடப்பதுதான் இதில் முக்கியம். ஒரே நாளில் 20 மைல் நடந்துவிடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை, நடந்த களைப்போடு மறுநாள் எழுந்து அதே காலை அதே ஷூவுக்குள் நுழைத்து மறுபடி 20 மைல் போவதற்குத்தான் உடம்பைப் பழக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு மைல் கூட்டிக்கொண்டே போய், உச்சத்தில் சனி 18, ஞாயிறு 15 என்று நிற்கும். கடைசி இரண்டு மூன்று வாரம் குறைத்துக்கொண்டே வாருங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று கடைசி வாரத்தில் 20 மைல் நடந்தால் வலியோடுதான் தொடக்க விழாவுக்குப் போவீர்கள்.

ட்ரெட்மில்லில் மட்டும் நடக்காதீர்கள். சான் டியேகோவில் ஏற்றம் உண்டு, டோரி பைன்ஸ் ஏற்றம் முதல் நாளே வரும். உங்கள் ஊரில் ஒரு மேட்டைக் கண்டுபிடித்து வாரம் ஒருமுறை ஏறி இறங்குங்கள். இறங்குவதில்தான் முட்டியும் கட்டைவிரல் நகமும் அடிவாங்கும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மாத்திரை போடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். நாள் முழுக்க நடக்கும்போது சர்க்கரை இறங்கலாம், மாத்திரை அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டிவரலாம். சிகிச்சை முடிந்து கொஞ்ச காலமே ஆனவர்களும் அப்படித்தான், குறிப்பாக அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்களுக்குக் கை வீங்கும் தொல்லை இருக்கலாம், பை மாட்டும் தோளைப் பற்றிக்கூடக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கால், கால், கால்

நடையை விட்டு வண்டியில் ஏறுகிறவர்களில் நிறையப் பேரை ஏற்றிவிடுவது கொப்புளம். மூச்சு நன்றாக இருக்கும், தசை நன்றாக இருக்கும், குதிகாலில் கால்ரூபாய் அளவு கொப்புளம் மூன்று நாளையும் முடித்துவிடும்.

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் உப்பியிருக்கும். வழக்கமான அளவைவிட அரை அளவு பெரியது. நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டு ஜோடி வாங்கி, இரண்டையும் பயிற்சியில் மாற்றி மாற்றிப் போட்டுப் பழக்குங்கள். புத்தம்புது ஷூவோடு நடைக்கு வரவே வராதீர்கள். பருத்தி சாக்ஸ் வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறப்போடும். மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ உள்ள சாக்ஸ் வாங்குங்கள்.

மெட்டியைக் கழற்றிவிடுங்கள். இதை ஆங்கிலத்தில் இருக்கும் எந்த வழிகாட்டியும் சொல்லாது. பத்து மைலுக்கு மேல் விரல்கள் உப்பும்போது மெட்டி பக்கத்து விரலை அறுக்கும், பிறகு கழற்றவும் வராது. மோதிரம், இறுக்கமான வளையல் எல்லாம் அப்படித்தான். கழற்ற மனமில்லை என்பவர்கள் மெட்டியைச் சங்கிலியில் கோத்துக்கொள்ளலாம். தாலிச்சங்கிலி சட்டைக்கு உள்ளே இருக்கட்டும், அது உரசும் கழுத்துப் பகுதியிலும் வாஸ்லின் தடவுங்கள்.

காலையில் இப்படிச் செய்யுங்கள். நகத்தை நாலைந்து நாள் முன்னாலேயே நேராக வெட்டியிருக்க வேண்டும். கால் உலர்ந்திருக்கிறதா என்று விரல் இடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்துப் பாருங்கள். வாஸ்லினைக் கொஞ்சம் எடுத்து ஒவ்வொரு விரலையும் தனியாகச் சுற்றித் தடவி, குதிகாலின் பின்பக்கம், விரல்களுக்குக் கீழே உள்ள பாதத்தின் மேடு என்று முடியுங்கள். சாக்ஸைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடுங்கள், நுனித் தையல் விரலின் மேல் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷூ நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கியும் விரல் பக்கம் தளர்த்தியும் கட்டுங்கள். தொடை இடுக்கு, அக்குள், உள்ளாடையின் பட்டை படும் இடம், அங்கேயும் வாஸ்லின் வேண்டும். மதியச் சாப்பாட்டில் சாக்ஸை மாற்றுங்கள், பையில் ஒரு ஜோடி எப்போதும் இருக்கட்டும்.

நடக்கும்போது எங்காவது சுருக்கென்று சூடாக உரசுவது போலத் தெரிந்தால் அடுத்த நிறுத்தம் வரை பொறுக்காதீர்கள். அப்போதே ஓரமாக உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, அந்த இடத்தில் மோல்ஸ்கின் என்ற ஒட்டும் மெத்துத் துணியை ஒட்டுங்கள். அந்தச் சூடு கொப்புளமாக அரை மணி நேரம் போதும். கொப்புளம் வந்தேவிட்டால் தோலை உரிக்காமல் மருத்துவக் கூடாரத்துக்குப் போய்விடுங்கள், அவர்களுக்கு அதுதான் நாள் முழுக்க வேலை, அழகாகக் கட்டிவிடுவார்கள்.

பை, கூடாரம், சாப்பாடு

சாமான் பைக்கு எடை வரம்பு உண்டு, அவர்களே லாரியில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஒவ்வொரு நாள் உடையையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, பையையே ஒரு பெரிய குப்பைப் பைக்குள் வையுங்கள். கடலோரம் என்பதால் விடிகாலையில் பனி கொட்டும், எல்லாம் நனைந்திருக்கும். இளஞ்சிவப்பு நிறத்தில் வரிசையாக நிற்கும் கூடாரங்களில் ஒன்றுக்கு இரண்டு பேர், உங்களுடையது எது என்று இருட்டில் தெரியாது, வாசலில் ஒரு தோரணத்தையோ துப்பட்டாவையோ கட்டி வையுங்கள். நவம்பர் இரவு குளிரும், குல்லாவும் போர்வைப்பையும் வேண்டும். காதுக்குப் பஞ்சு, தலையில் மாட்டும் விளக்கு, குளியலறைச் செருப்பு. குளிப்பதற்கு லாரியிலேயே வெந்நீர் அறைகள் வைத்திருப்பார்கள்.

வழியில் சில மைலுக்கு ஒருமுறை நிறுத்தம் வரும், தண்ணீர், பழம், நொறுக்குத்தீனி, கழிப்பறை எல்லாம் இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே நடப்பது ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. மணிக்கணக்காக வியர்த்து உப்பு வெளியேறும்போது தண்ணீரை மட்டும் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பம் என்று வந்து, மோசமானால் உயிருக்கே ஆபத்து. ஒரு நிறுத்தத்தில் தண்ணீர், அடுத்ததில் உப்புச்சத்து உள்ள பானம் என்று மாற்றிக் குடியுங்கள். உப்பாக எதையாவது கொறியுங்கள். இடுப்புப் பையில் உப்புக்கடலையும் கைமுறுக்கும் வைத்திருந்தால் போதும், பக்கத்தில் நடப்பவர்களும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். வலி மாத்திரையைத் தடுப்புக்கென்று காலையிலேயே போட்டுக்கொள்ள வேண்டாம், நீர் வற்றிய உடம்பில் ஐபுப்ரோஃபன் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

அந்த மூன்று நாள்

விடிவதற்குள் தொடக்க விழாவுக்குப் போய்விட வேண்டும். முதல் நாள் உற்சாகத்தில் வேகமாக நடக்கத் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள். இது பந்தயம் இல்லை, யாரும் நேரம் குறிக்கவில்லை. மணிக்கு 3 மைல் வேகம் போதும், நிறுத்தங்களோடு சேர்த்து மாலைக்குள் வந்துவிடலாம். இரண்டாம் நாள் காலைதான் எல்லோருக்கும் கஷ்டம். கூடாரத்திலிருந்து எழுந்து முதல் இருபது அடி வைக்கும்போது முடியாது என்று தோன்றும். அரை மணி நேரம் நடந்த பிறகு முடிவு செய்யுங்கள், பெரும்பாலும் கால் இளகிவிடும். இளகாவிட்டால், பின்னால் வரும் வண்டிகள் ஏற்றிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் விடும். கையைக் காட்டி ஏறிக்கொள்ளுங்கள், அதில் எந்தக் குறைச்சலும் இல்லை. நீங்கள் சேர்த்த பணம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது.

வழியெல்லாம் மக்கள் நின்று கைதட்டுவார்கள், மிட்டாய் கொடுப்பார்கள். உங்களோடு நடப்பவர்களில் நோயைக் கடந்து வந்தவர்கள் இருப்பார்கள், கீமோ நடந்துகொண்டிருப்பவர்கள் இருப்பார்கள், நோய் உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவிவிட்ட நாலாம் நிலையில் இருப்பவர்களும் இருப்பார்கள். பெயர் கேளுங்கள், எந்த ஊர் என்று கேளுங்கள், சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள். "தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்" என்று நாலாம் நிலையில் இருப்பவரிடம் சொல்லாதீர்கள், சரியாகாது என்பது அவருக்குத் தெரியும். முள்சீத்தாப்பழம், மஞ்சள் தண்ணீர் என்று வாட்சப்பில் வந்த வைத்தியத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். "எதனால வந்தது?" என்று கேட்கவே கேட்காதீர்கள். கணவரையோ அம்மாவையோ இழந்தவர் படத்தை மார்பில் குத்திக்கொண்டு நடப்பார், அவரிடம் "அவங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்றால் ஒரு மைல் முழுக்கச் சொல்வார். ஆம், கணவரும்தான். இந்த நோய் வருகிற நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண்.

நிறைவு விழாவில் ஒரு வழக்கம் உண்டு, முன்பே தெரிந்திருந்தால் நல்லது. நோயைக் கடந்து வந்தவர்கள் உள்ளே வரும்போது மற்ற எல்லோரும் ஒரு ஷூவைக் கழற்றித் தலைக்கு மேல் உயர்த்துவார்கள். நமக்கு அது அவமரியாதை, கை எழாது. அங்கே அதுதான் வணக்கம்: உங்களுக்காகத் தேய்ந்த ஷூ இது என்று அர்த்தம். நீங்களும் உயர்த்துங்கள்.

திரும்பி வந்தபின்

ஒரு வாரம் கால்வலி படியேற விடாது, கட்டைவிரல் நகம் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், மெல்ல விழுந்து புதிது முளைக்கும். வலி ஓரிடத்தில் மட்டும் நாள்கணக்கில் குறையாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம்.

பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அவர் ஏற்றுக்கொண்ட மைலில் எடுத்த படத்தோடு நன்றி எழுதுங்கள். மேட்சிங் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி இருக்கும், பல இடங்களில் வருடக் கடைசி, அதைச் சேர்த்து நினைவூட்டுங்கள். 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர்களுக்கு வரிக்கழிவுக்கு எழுத்து மூலமான ரசீது வேண்டும், மின்னஞ்சலில் வந்ததை அழித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மேமோகிராம் எடுக்கிறேன் என்று சொன்னவர்களின் பெயரையும் நன்கொடைப் பட்டியலிலேயே எழுதி வையுங்கள். டிசம்பரில் ஒருமுறை கூப்பிட்டு, எடுத்தாச்சா என்று கேளுங்கள். 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இங்குள்ள பெரும்பாலான காப்பீடுகளில் வழக்கமான பரிசோதனை மேமோகிராமுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை, அது தெரியாமலேயே தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அம்மாக்களுக்கு எடுக்கும் பயணக் காப்பீட்டில் இது பெரும்பாலும் சேராது, அவர்களை விமானம் ஏறுவதற்கு முன்னால் ஊரிலேயே எடுத்துவிட்டு, ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.